ஓடத்தில் நாய்க்கு இடம் இருந்தது

பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து இன்னும் வெகுதூரம் ஏறிப்போக வேண்டிய ஒரு தோட்டத்தில் சண்முகவடிவு கொழுந்து பறித்தாள். அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி அவளைக் கூப்பிட்டவர் யாருமில்லை. தொழிலாளர் வரிசைவீடான லயத்துப் பெண்களுக்கு அவள் வடிவு. அவளோடு சண்டை போட்டவர்களுக்கு ரங்கூன்காரி. சண்டை போட்டவர்கள் நிறையப் பேர்.

அவள் வாய்க்கு, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கே பயப்படுவார் என்பார்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்திய கணக்கப்பிள்ளையின் கையை எல்லார் முன்னாலும் தட்டிவிட்டவள் அவள். தண்ணீர்ப் பீலிச் சண்டையிலிருந்து கோயில் திருவிழாச் சண்டை வரைக்கும் அவள் குரல் தனியாகக் கேட்கும். ஒருத்தி கோபக்காரி என்று பெயர் எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. அவள் ஏன் கோபப்படுகிறாள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அவள் ரங்கூனில் பிறந்தவள். தகப்பன் அங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவளுக்குப் பதினாறு வயது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள். மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கப்பலில் இடம் ஏது? தாயும் தகப்பனும் மகளுமாக மூவரும் நடந்தார்கள். காடும் மலையும் ஆறுமாக நடந்து இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தபோது இரண்டு பேர்தான் இருந்தார்கள். தகப்பனும் இலுப்பூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில் ஒரு வருஷம் இருமிக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

யுத்தம் முடிந்ததும் இலங்கைத் தோட்டத்திலிருந்து, ஊர் திரும்பிவிட்ட தன் தாயைப் பார்க்க அந்த ஊருக்கு வந்தவன் சின்னராசா. வந்த இடத்தில் கல்யாணம் நடந்தது. "இனிமே நீ நடக்கவே வேணாம். கப்பலு, ரயிலுதான்" என்று அவன் சொன்னான். அது பொய்யில்லை. தலைமன்னாரில் இறங்கி, தலவாக்கலை வரை அவள் ரயிலில் உட்கார்ந்தே வந்தாள். அங்கிருந்து தோட்டத்துக்கு மட்டும்தான் நடந்தார்கள்.

சுதந்திரம் வந்த நாளில் தோட்டத்தில் கொடி ஏற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் சட்டம் வந்தது. இந்தத் தேயிலையை நட்டவர்களும், நட்டவர்களின் பிள்ளைகளும் இந்த நாட்டுக்காரர்கள் இல்லையாம். அடுத்த தேர்தலுக்கு ஓட்டும் இல்லையாம். சின்னராசா இந்த மண்ணில் பிறந்தவன். அவனுக்கே இல்லை என்றால் ரங்கூன்காரிக்கு எங்கிருந்து கிடைக்கும்?

"அங்க வெரட்டினாங்க, நடந்தேன்" என்றாள் வடிவு. "இங்க ஒக்காந்த எடத்துலயே வெரட்டிப்புட்டானுங்க. நடக்கிற வேலைகூட வைக்கல."

அவள் ரங்கூனைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். வழியில் ஓர் ஆற்றங்கரையில் நடந்ததைச் சின்னராசாவிடம்கூடச் சொன்னதில்லை. மகள் பூரணி கேட்டால், "நடந்தோம், வந்தோம்" என்று முடித்துவிடுவாள்.

1957இல் பெரிய தொரையின் பங்களா ஆயா பிள்ளைப்பேற்றுக்காகப் போனபோது, அவள் திரும்பி வரும்வரை என்று வடிவைப் பங்களாவுக்கு அனுப்பினார்கள். துணி துவைப்பது, தரை துடைப்பது, விருந்து வந்தால் தட்டு ஏந்துவது. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கண்டாக்கு நான்கு தரம் சொல்லித்தான் அனுப்பினார். பங்களாவில் சமையல் அப்பு பொன்னையா. வெள்ளைக்காரப் பெரிய தொரையிடம் இருபது வருஷம் இருந்தவர், இங்கிலீஷ் நன்றாக விளங்கும். "தங்கச்சி, இங்க காது இருக்கலாம், வாயி இருக்கக்கூடாது" என்று அவரும் ஒருதரம் சொன்னார்.

அந்த மழைக்காலத்தில்தான் அருளம்பலம் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கொழும்பில் வளர்ந்தவர், லண்டனில் படம் வரையப் படித்தவர். தொரையின் மனைவியான தொரசாணிக்குப் படங்களில் ஆசை. கொழும்பில் ஒரு கண்காட்சியில் அவரைப் பார்த்து, மலைக்கு வந்து தங்கி வரையும்படி அழைத்திருந்தாள். கார் நிறுத்தும் கொட்டிலைக் காலி செய்து அவருக்குக் கொடுத்தார்கள். கதவளவு பெரிய துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அகதிகளை வரையப் போகிறாராம். கொழும்பில் காட்டிவிட்டு லண்டனுக்கு அனுப்பப் போகிறாராம். கொட்டில் சுவர் முழுவதும் ஐரோப்பிய யுத்தத்துப் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள், தள்ளுவண்டிகள், பனி.

வெளுத்த துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வடிவு கொட்டிலைக் கடந்து போனபோது அவர் பார்த்தார்.

"கொஞ்சம் நில்லும். அந்த மூட்டையை இறக்க வேண்டாம்."

அவள் நின்றாள். அவர் கரிக்குச்சியால் வரைந்தார். மறுநாளும் கூப்பிட்டார். மூன்றாம் நாள், தேநீர் கொண்டு வந்த பொன்னையா சும்மா இருக்காமல், "இவ ரங்கூன்ல இருந்து நடந்தே வந்தவ அய்யா" என்று சொல்லிவிட்டார்.

அருளம்பலம் எழுந்தே விட்டார். "மெய்யோ? யுத்தத்துக்கையோ? சொல்லும், நான் கேக்கிறன்."

"என்னத்தச் சொல்ல? நடந்தோம், வந்தோம்."

"ஆரும் செத்தவையோ?"

"எங்கம்மா."

அவர் தலையை ஆட்டினார். அவருடைய முகம் உண்மையாகவே வாடியது. "என்ன செய்யிறது" என்றார். "யுத்தம் எண்டால் அப்பிடித்தான். ஒருத்தரையும் குற்றம் சொல்லேலாது. அது ஒரு வெள்ளம் மாதிரி. வரும், அள்ளிக்கொண்டு போகும்."

வடிவு மூட்டையைத் தரையில் போட்டாள். வெளுத்த விரிப்புகள் மண்ணில் விழுந்தன.

"வெள்ளமா? யாரு ஒங்களுக்குச் சொன்னது?" என்றாள். பொன்னையா கண்ணால் சாடை காட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "நா சொல்றேன் கேளுங்க. நாங்க ஆத்தங்கரைக்கு வந்தப்ப ஓடம் இருந்துச்சு. இல்லாம இல்ல. ஓடமும் இருந்துச்சு, தள்ளுறவனும் இருந்தான். கரையில ஒரு வெள்ளக்காரன் நாற்காலி போட்டு ஒக்காந்திருந்தான். மூக்குத் தோலு வெயில்ல உரிஞ்சு செவந்து கெடந்துச்சு. கையில பெரம்பு. தொப்பி போட்டவங்க வந்தா தலைய ஆட்டுவான், அவங்க ஏறிப் போவாங்க. கூலிக்காரங்க வந்தா பெரம்ப நீட்டுவான். பேசக்கூட மாட்டான். பெரம்ப நீட்டுனா நிக்கணும். அப்படியே நாள்கணக்கா நின்னோம். ஆயிரம் பேரு மணல்ல. குடிக்கிறதும் அந்த ஆத்துத் தண்ணிதான், கழுவுறதும் அதுலதான். வாந்திபேதி வந்துச்சு. எங்கம்மாவுக்கும் வந்துச்சு."

அருளம்பலத்தின் கை நின்றிருந்தது. பிறகு அதுவாக வரையத் தொடங்கியது.

"எங்கப்பா அவன் கால்ல விழுந்தாரு. பெரம்ப நீட்டுனான். அன்னைக்கு ஒரு வெள்ளக்காரக் குடும்பம் வந்துச்சு. பொட்டி, படுக்கை, ஒரு செவலை நாயி. அந்த நாயத் தூக்கி ஓடத்துல வச்சாங்க. அது பலகை மேல ஏறி, மனுசன் மாதிரி கரையப் பாத்து ஒக்காந்துச்சு. எங்கம்மா மணல்ல படுத்தபடிக்கு அதப் பாத்துச்சு. 'நாய்க்கு எடம் இருக்கே' அப்படின்னுச்சு. அதுக்கப்பறம் அது ஒண்ணும் பேசல. பொழுது சாயக்குள்ள போயிருச்சு."

பொன்னையா தட்டைத் தரையில் வைத்துவிட்டு மண்ணில் கிடந்த விரிப்புகளைப் பொறுக்கினார்.

"வெள்ளம் யாரையும் பாத்தா அடிச்சுக்கிட்டுப் போகுது? அது பணக்காரன், ஏழைன்னு பாக்குமா? அவன் பாத்தான். ஒவ்வொருத்தரு மூஞ்சியையும் பாத்துத்தான் பெரம்ப நீட்டுனான். வரையுறதுன்னா அவன வரையுங்க."

அருளம்பலம் அன்று மாலைவரை வரைந்தார். மறுநாள் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். தாள் தாளாகக் கரிப்படங்கள். நாற்காலி இருந்தது, பிரம்பு இருந்தது, பலகைமேல் நாய் இருந்தது. மூக்கு கொஞ்சம் நீளம் என்று அவள் சொன்னாள், அவர் திருத்தினார். மணலில் படுத்திருந்த பெண்ணின் மேல் அவள் கண் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆமா. இப்படித்தான்" என்றாள்.

அன்றிரவு சின்னராசாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, முதல்முறையாக ஆற்றங்கரையைப் பற்றிச் சொன்னாள். அவன் கையைக் கழுவாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பிறகு கொட்டில் கதவு மூடியே கிடந்தது. பெரிய படம் முடியும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதே நாட்களில் தோட்டத்தின் மேல்பிரிவில் வேறொன்று நடந்தது. மூக்கன் என்ற, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரன், தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். பெரிய தொரை அவனுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார். வேலை இல்லாதவனுக்கு லயத்தில் இடமும் இல்லை. மூக்கன் போக மறுத்தான். போவதற்கு அவனுக்கு வேறு இடமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காவல்காரர்கள் வந்து அவன் குடியிருந்த காம்பராவின் கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுப்பின்மேல் மழை பெய்தது. மூக்கனும், நிறைமாதமாக இருந்த அவன் மனைவி வேலாயியும், இரண்டு பிள்ளைகளும் பானை சட்டிகளோடு பங்களா ரோட்டு மதகோரம் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் காம்பராவுக்கும் தகரம் இருக்காது என்று தலைமைக் காவல்காரன் லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் பங்களாவில் விருந்து. படம் முடிந்துவிட்டது. தொரசாணி சுற்றுவட்டாரத் தோட்டத்துத் தொரைமாரையும் அவர்கள் மனைவிமாரையும் அழைத்திருந்தாள். நுவரெலியாவிலிருந்துகூட இரண்டு கார்கள் வந்தன. எல்லாக் கார்களும் அந்த மதகைத் தாண்டித்தான் வர வேண்டும். சேற்றில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் சேற்றை இறைத்துக்கொண்டுதான் வந்தன.

வடிவு வேலைக்கு வரும்போது மதகோரம் நின்றாள். வேலாயி தன் வயிற்றின்மேல் சாக்கைப் போர்த்தியிருந்தாள்.

"பங்களாவுக்கா போறே?" என்றாள் வேலாயி. "அங்க என்னமோ படம் காட்டுறாங்களாமே."

"ஆமாக்கா."

"என்ன படம்?"

வடிவு சாக்கை இழுத்து அவள் தோளையும் மூடிவிட்டு, பங்களாவுக்கு ஏறிப் போனாள்.

பங்களா ஹாலில் கணப்பு எரிந்தது. தொரையின் நாய் அதன் முன்னால் விரிப்பின்மேல் படுத்திருந்தது. படத்தைச் சுவரோடு சாய்த்து, மேலே ஒரு துணி போட்டிருந்தார்கள். தேநீர்த் தட்டோடு வடிவு ஓரமாக நின்றாள். தொரசாணி இங்கிலீஷில் ஏதோ பேசிவிட்டுத் துணியை இழுத்தாள்.

ஆறு உருவங்கள். எல்லோருக்கும் நீண்ட கழுத்து. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முட்டை போல ஒரு வெளுப்பு. கண் இல்லை, வாய் இல்லை. சாம்பல் நிறம், மண் நிறம், நடுவில் ஒரு பழைய இரத்தத்தின் சிவப்பு. ஒருத்தியின் கையில் இருந்தது பிள்ளையா கல்லா என்று தெரியவில்லை. கால்கள் தரையில் படவேயில்லை. இடதுபக்கம் முழுவதும் வெறும் வெளி. ஆறு இல்லை. ஓடம் இல்லை. நாற்காலி இல்லை, பிரம்பு இல்லை, நாய் இல்லை.

அது நல்ல படம்தான், அதை மறுப்பதற்கில்லை. பார்த்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். தொரசாணி கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள். பெரிய தொரை பைப்பை வாயிலிருந்து எடுத்து, மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்னண்ணே சொல்றாரு?" என்று வடிவு பொன்னையாவிடம் கேட்டாள்.

பொன்னையா அவள் காதருகே குனிந்தார். "வீடு வாசல் இல்லாம ரோட்டுல நிக்கிறது மாதிரி கொடுமை ஒலகத்துல இல்லேங்கிறாரு."

தட்டை மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"அய்யா" என்றாள் அருளம்பலத்தைப் பார்த்து. "அவன் எங்க?"

அருளம்பலத்தின் முகம் வெளுத்தது. "பிறகு கதைப்பம், போம்."

"பொறகு என்ன பொறகு? அவன் எங்க? நாற்காலி எங்க? நாயி எங்க? நீங்க வரைஞ்சீங்க, நா கண்ணால பாத்தேன். எங்கம்மாவுக்குக் கண்ணு இருந்துச்சு அய்யா. அந்தக் கண்ணாலதான் அந்த நாயப் பாத்துச்சு. அதப் புடுங்கிட்டீங்களே!"

"இது ஒரு ஆளைப் பற்றின படம் இல்லை" என்றார் அவர் தணிந்த குரலில். "எல்லா மனிசரையும் பற்றினது. அவனை வைச்சால் படம் சின்னனாய்ப் போகும்."

"அவன் இல்லேன்னா நாங்க ஏன் அங்க நின்னோம்? சும்மா பொழுது போகாமலா நின்னோம்?" அவள் தொரசாணியின் பக்கம் திரும்பினாள். "அந்தம்மாவைக் கேளுங்க. துணியில வரைஞ்சதுக்குக் கண்ணீர் வருதே, மதகுல வேலாயி ஒக்காந்திருக்கா, அவளுக்கு வரலியா? தகரத்தக் கழட்டச் சொன்னது யாருன்னு கேளுங்க!"

இவள் என்ன சொல்கிறாள் என்று தொரசாணி அருளம்பலத்திடம் கேட்டாள். அருளம்பலம் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். தொரசாணி நெகிழ்ந்துபோய் வடிவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"என்ன சொன்னாரு?" வடிவின் குரல் பொன்னையாவை நோக்கி வந்தது. "அண்ணே, ஒங்க புள்ளைக மேல சத்தியமாச் சொல்லுங்க."

இருபது வருஷம் அந்த வீட்டில் வாய் இல்லாமல் இருந்த பொன்னையா வாயைத் திறந்தார். "படம் ரொம்ப உருக்கமா இருக்குன்னு நீ சொல்றியாம்."

பிறகு நடந்ததைத் தடுக்க யாருக்கும் நேரமில்லை. வடிவு கணப்பின் ஓரத்தில் அணைந்து கிடந்த ஒரு கரிக்கட்டையை எடுத்தாள். படத்தின் அந்த வெறும் இடதுபக்கத்தில் இழுத்தாள். அவள் வாழ்நாளில் எதையும் வரைந்தவளில்லை. நான்கு கோடு ஒரு நாற்காலி. ஒரு உருண்டை, அதன்மேல் தொப்பி. நீட்டிய கை, அதில் பிரம்பு. சாயம் இன்னும் சரியாகக் காயாததால் கரி உள்ளே உழுதுகொண்டு போனது. கீழே நான்கு காலோடு ஒரு நாய். பிரம்பின் நுனி முகமில்லாத அந்த ஆறு பேரையும் நோக்கி நின்றது.

அருளம்பலம் ஓடிவந்து அவள் கையைப் பிடிப்பதற்குள் நாயின் வால் வரை முடிந்துவிட்டது.

விருந்தாளிகளில் ஒருவன், நன்றாகக் குடித்திருந்தவன், படத்தையும் பெரிய தொரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தொப்பியை அந்த ஹாலில் இருந்த எல்லா ஆண்களும்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் முகம் சிவந்தது பெரிய தொரைக்குத்தான்.

அன்று மாலைக்குள் வடிவுக்கும் சின்னராசாவுக்கும் பத்துச்சீட்டு வந்தது. நாற்பது வயதுக்குள் நரைத்துப்போன சின்னராசா அதைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினான்.

"ஒரு படத்துக்காகவா? யாரோ கொழும்புக்காரன் வரைஞ்ச படத்துக்காகப் புள்ளய ரோட்டுல நிறுத்துறியா?"

"படத்துக்காக இல்ல."

"பின்ன எதுக்கு?"

"அவன் பொய் சொன்னான். நா சொல்லாதத நா சொன்னேன்னு சொன்னான். எங்கம்மா செத்தத ஒருத்தி பாத்து அழுதுட்டு, கேக்கு திங்கிறா."

சின்னராசா சீட்டை மடித்து இடுப்பில் செருகினான். "நாயி வரைஞ்சியாமே" என்றான்.

"வரைஞ்சேன்."

மறுநாள் காலை, ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கக் கண்டாக்கு வாயைத் திறந்தபோது, மேல்பிரிவுப் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. ஒரு குடும்பத்தை ரோட்டில் விட்டதைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பொறுத்தது தப்பு என்று அவர்களுக்கே உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது குடும்பம் என்றதும் பொறுக்க முடியவில்லை. மழைவிட்டு வெயில் அடித்த நாட்கள் அவை. கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. கீழ்ப்பிரிவும் உட்கார்ந்தது. காவல்காரர்கள் வந்தார்கள், போலீசும் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போனது. மதகோரமிருந்த வேலாயியைத் தூக்கி வந்து, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் படுக்க வைத்தார்கள். அங்கேயே அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

கடைசியில் அட்டனிலிருந்து சங்கத்துக்காரர்கள் வந்து பேசினார்கள். இரண்டு குடும்பத்துப் பத்துச்சீட்டையும் தொரை திரும்ப எடுத்தார். மூக்கனுக்கு வேறு காம்பரா கொடுத்தார்கள். அது ஒழுகுகிற காம்பரா. வடிவை, அட்டை மொய்க்கிற, கால் வைத்தால் கல் உருளுகிற உச்சி மலைக்கு மாற்றினார்கள். பொன்னையாவைப் பங்களாவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் கினிகத்தேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தார். வெற்றி என்று சொன்னால் வெற்றிதான். ஒவ்வொரு நாளும் அந்த உச்சிக்கு ஏறியவளுக்கு அது எவ்வளவு வெற்றி என்று தெரியும்.

அருளம்பலம் விருந்துக்கு மறுநாளே படத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்.

ஏழு வருஷம் கழித்து, இரண்டு நாட்டுத் தலைவர்களும் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்த மாதத்தில், அவர் திரும்பி வந்தார். இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று, கொழுந்து நிறுக்கிற மாதிரி நிறுத்துப் பங்கு போட்டிருந்தார்கள். யார் யார் எந்தப் பங்கு என்று யாருக்கும் தெரியாது. லயங்களில் வேறு பேச்சே இல்லை. பெரிய தொரையும் தொரசாணியும் தோட்டத்தை விட்டுப்போய் நாலைந்து வருஷமாகியிருந்தது. அவர்கள் போக எந்த நாட்டுத் தலைவரும் ஒப்பந்தம் போட வேண்டியிருக்கவில்லை.

வடிவு காம்பரா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். வந்தவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தார். இடது புருவத்தின்மேல் ஒரு தழும்பு.

"என்னைத் தெரியுதோ? நான் அருளம்பலம்."

"தெரியுது." கோடாலியை அவள் கீழே வைக்கவில்லை.

"இருக்கலாமோ?"

"லயம் ஒங்க அப்பன் வீட்டு லயமா, எங்க அப்பன் வீட்டு லயமா? ஒக்காருங்க."

அவர் வாசற்கல்லில் உட்கார்ந்தார். சின்னராசா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்தவர் யார் என்று விளங்கியதும் வெளியே வந்து சுவரோரம் நின்றான்.

"ஐம்பத்தெட்டுக் கலவரத்திலை, தமிழர் எண்டு, வெள்ளவத்தையிலை எங்கடை வீட்டை எரிச்சுப்போட்டாங்கள்" என்றார் அருளம்பலம். "முகாமிலை இருந்தனான். பிறகு கப்பலிலை ஏத்தி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினவை. நானும் ஒரு மூட்டையோடை வரிசையிலை நிண்டனான்."

வடிவின் கையில் கோடாலி தாழ்ந்தது.

"அந்த முகாமிலை படுத்திருக்கேக்கை, எனக்கு வானமும் தெரியேல்லை, மனித குலமும் தெரியேல்லை. வாசல்லை மண்ணெண்ணெய்த் தகரத்தோடை நிண்டவன்ரை முகந்தான் தெரிஞ்சது. பக்கத்துத் தெருவிலை தையல் கடை வைச்சிருந்தவன். எனக்குச் சட்டை தைச்சவன். அண்டைக்குத்தான் நீங்கள் கேட்டது விளங்கினது."

"படம் என்ன ஆச்சு?"

"உங்கடை கரியை அழிக்கப் பார்த்தனான். சாயத்துக்குள்ளை இறங்கிவிட்டுது, அழியேல்லை. திரும்ப வரைய மனம் வராமல் ஒரு சிநேகிதர் வீட்டிலை போட்டிருந்தனான். அதாலை எரியாமல் தப்பினது. பிறகு நான் அதிலை கையே வைக்கேல்லை. அப்பிடியே லண்டனுக்கு அனுப்பினன்." அவர் தரையைப் பார்த்தார். "அங்கை எல்லாரும் அந்தக் கரி மனிசனைப் பற்றித்தான் எழுதினவை. படத்துக்கு உயிரே அதுதானாம்."

"யாரு வரைஞ்சதுன்னு சொன்னீங்க?"

அவர் வாசற்கல்லில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டினார்.

"சொல்லுங்க."

"நான் எண்டுதான் நினைச்சவை. நான் மறுக்கேல்லை. வெட்கமாய் இருந்தது."

சின்னராசா சிரித்துவிட்டான். வடிவு சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அவன் ஒங்க ஆளா? ஒங்க படத்துல அவன் வேணாம், படம் சின்னதாப் போயிரும்னு சொன்னது யாரு? அவன் என் ஆளு அய்யா. அந்த ஆத்தங்கரையில இருந்து அவன நாந்தான் சொமந்துக்கிட்டு வந்தேன். எங்கம்மாவை அங்க மணல்ல விட்டுட்டு, அவனச் சொமந்துக்கிட்டு வந்தேன். ஒங்களுக்கு வீடு எரிஞ்சுச்சு, எனக்கு வருத்தந்தான். நெஜமாவே வருத்தம். அதுக்காக அவன எடுத்துக்குவீங்களா?"

"பிழைதான்" என்றார் அவர். "பிழைதான். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

ஆனால் அதற்கு மட்டும் அவர் வரவில்லை. மடியிலிருந்த பையில் தாள்களும் கரிக்குச்சிகளும் இருந்ததை வடிவு பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். இந்தியாவுக்கு அனுப்பப்பட இருக்கிறவர்களை வரையப் போவதாகச் சொன்னார். இந்தமுறை முகங்களோடு வரையப்போகிறாராம். ஒப்பந்த மேசையையும் வரையப்போகிறாராம். அவள் மூட்டையோடு நின்றால் போதுமாம்.

"நா எங்கயும் போகலியே. மூட்டை எதுக்கு?"

"போகச் சொன்னால்?"

"சொல்லட்டும். வந்து தகரத்தக் கழட்டட்டும்."

"வடிவு" என்று சின்னராசா இடைமறித்தான். அவனுக்கு ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் அந்த மாதத்தில் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அடங்கினான்.

அருளம்பலம் எழுந்தார். போக மனமில்லாமல், "அந்தப் படத்துக்கு நான் என்ன செய்ய வேணும்? உங்கடை பெயரைப் போட்டு எழுதிவிடட்டோ?" என்று கேட்டார்.

"என் பேரு எதுக்கு? அதுல படுத்திருக்க வேண்டியது நானா?" அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. உடைந்ததில் அவளுக்கே கோபம் வந்து, இன்னும் உரக்கச் சொன்னாள். "எங்கம்மா பேரு லெட்சுமி. மொகமில்லாம ஒருத்திய வரைஞ்சீங்களே, அவ மேல அந்தப் பேர எழுதணும்."

"படம் லண்டனிலை ஒருத்தர் வீட்டிலை இருக்கு. நான் எப்பிடி...?"

"அப்ப லண்டனுக்குப் போயி எழுதிட்டு வாங்க. அதுக்கப்பறம் வந்து, நிக்கச் சொல்லுங்க. நிக்கிறேன்."

அவர் படிகளில் இறங்கிப் போனார். மழை பிடித்துக்கொண்டது. கீழே லயத்துக் கடைசிக் காம்பராவில் யாரோ அவரைக் கூப்பிட்டு ஒதுங்கச் சொன்னார்கள். வேலாயியாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் லண்டனுக்குப் போனாரா என்று தெரியாது. தோட்டத்துக்கு மறுபடி வரவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் வடிவும் சின்னராசாவும் போவதா இருப்பதா என்று சண்டை போட்டார்கள். லயமே கேட்கும்படிச் சண்டை. "ஊருல நமக்கு யாரு இருக்கா, சொல்லு பாப்போம்" என்பாள். அவன் பழைய பெயர்களைச் சொல்வான். அவர்களில் யார் செத்தார்கள் என்று அவள் சொல்வாள். பூரணி இரண்டு பேரையும் அதட்டி விளக்கை அணைப்பாள். காலையில் பெரட்டுக்குத் தப்படிக்கும்போது மூவரும் எழுந்து, இருட்டிலேயே கூடையைத் தேடி எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறுவார்கள்.